அடித்தகடு

பிச்சைக்கனி மல்லாந்து படுத்தபடி வலது கையைத் தோள்வரை அந்தத் துளைக்குள் விட்டிருந்தார். படகின் இடது விளிம்புக்கு அடியில் இருந்த பொந்து அது. விரல் நுனியில் நட்டு அகப்பட்டது. அதற்கு மேலே அலுமினியத் தகடு. நட்டு தகட்டில் உட்கார்ந்து இறுகுவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எலும்பு வழியாகக் காதுக்குத் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டளவு துளை. இன்று காலையில்தான் அறுத்தார். அறுக்க இருபது நிமிஷம், விளிம்பைத் தேய்த்து மூடி போட அரைமணி. இந்த ஒரு மணி நேர வேலையைத்தான் ஐந்து மாதத்துக்கு முன்னால் செய்யாமல் விட்டார்.

விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகிற இறக்கத்தில், தகரக் கூரை போட்ட கொட்டகை. படகு ஷிஜாவுடையது. கோவளத்து ஓட்டல்களில் வந்து தங்குகிறவர்களைத் தூண்டில் போட அழைத்துப் போவதற்காக வாங்கிய ஃபைபர் படகு. தூண்டில் கம்புகளை நட்டுவைக்க நாலு குழல், அடியில் ஓடும் மீனைக் காட்டும் திரை, இரண்டு பக்கமும் இரண்டு டவுன்ரிக்கர் என்று எல்லாவற்றையும் பிச்சைக்கனிதான் மாட்டினார். டவுன்ரிக்கர் என்பது பெட்டியில் அச்சடித்திருந்த பெயர். கொட்டகையில் எல்லாருக்கும் அது குண்டு. சின்னக் கிணற்று ராட்டினம் மாதிரி ஒன்று, அதிலிருந்து கடல் பக்கம் நீளும் ஒரு கை, கையின் நுனியிலிருந்து இறங்கும் எஃகு வடம், வடத்தின் முடிவில் ஐந்து கிலோ ஈயக்குண்டு. தூண்டில் நரம்பை ஒரு கவ்வியால் வடத்தோடு கோத்து இறக்கிவிட்டால், இரை மேலே மிதக்காமல் பத்து ஆள் ஆழத்தில் படகோடு கூடவே ஓடும். நெய்மீன் வந்து இழுத்தால் கவ்வி விட்டுவிடும். ராட்டினத்துக்கு ஒரு பிரேக் உண்டு. அதைக் கொஞ்சம் தளர்த்தியே வைக்க வேண்டும். குண்டு கடலடிப் பாறையில் சிக்கினால் வடம் தானாக வழுக்கி ஓடிவிடும். இறுக்கி வைத்தால் ஓடாது. படகு முன்னால் போகும், குண்டு பின்னால் நிற்கும், நடுவில் இருப்பது பிய்யும்.

அப்படித்தான் பிய்ந்தது. இடது பக்கத்துக் குண்டு அடியோடு பெயர்ந்து வந்து, அதன் கை சுழன்று படகில் வேலை பார்த்த லிங்கராஜின் மணிக்கட்டில் அடித்து, வடம் இரண்டு விரலைச் சுற்றி இழுத்துக்கொண்டு போயிற்று. விரல்கள் போகவில்லை. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. ராட்டினம், வடம், குண்டு எல்லாம் கடலுக்குள். மிஞ்சியது படகின் விளிம்பில் வாய் பிளந்த ஓட்டை மட்டும். லிங்கராஜ் பிரேக்கை முறுக்கி வைத்துவிட்டான் என்று துறைமுகம் முழுக்கச் சொன்னது. அவன் முறுக்கவில்லை என்று சொன்னான். பிரேக்கைப் பார்த்துச் சொல்ல அது கையில் இல்லை.

வாய் பிளந்த அந்த ஓட்டையைத் தேய்த்து, கண்ணாடி நார்த் துணி ஒட்டி, பிசின் பூசி, பழைய வெள்ளைக்குக் கொண்டுவந்தவரும் பிச்சைக்கனிதான். நாலு திருகு இருந்த இடமும் சாண்பேப்பருக்குக் கீழே தூளாகப் போயிற்று. அந்தத் தூள் இரண்டு நாள் தொண்டையை விட்டுப் போகவில்லை.

அவர் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். இருபத்தைந்து வருஷம் திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்திலும் பட்டத்திலும் சுவர் துளைத்தவர். கைப்பிடிக் கம்பி, தண்ணீர்த் தொட்டித் தாங்கி, ஏசி ஸ்டாண்டு. துளை போடு, தூசி ஊது, பிசினை நிரப்பு, திருகை ஏற்று. மறுநாள் ஆள் தொங்கினாலும் அசையாது. தோள் விட்டுப்போன பிறகுதான் படகுக் கொட்டகைக்கு வந்தார். எழுத்துக்கூட நாற்பத்து மூன்று வயதில், வாசகசாலையின் சாயங்கால வகுப்பில் படித்ததுதான். முதலில் மலையாளம், பிறகு மகளின் பழைய பாடப் புத்தகத்தை வைத்துத் தமிழ். குண்டு வந்த பெட்டியில் இருந்த காகிதம் இங்கிலீஷ். அந்த மொழி தெரியாததால்தான் தப்பு நேர்ந்தது என்று பல நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் காகிதத்தில் படமும் இருந்தது. விளிம்புக்கு மேலே ராட்டினம், விளிம்புக்குக் கீழே தகடு, இரண்டையும் சேர்த்துக் குத்தி இறங்கும் நாலு போல்டு. பார்த்தவுடனே அவருக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் இரண்டு தகடு வெட்டி வைத்தார்.

வலது பக்கத்துக்குப் போட்டார். இடது பக்கத்தில் அதற்குள் மீன்பெட்டியை ஒட்டிவிட்டார்கள்; கை உள்ளே போக வழியில்லை. துளை அறுத்தால்தான் முடியும். அன்று சனிக்கிழமை. மறுநாள் படகுக்கு வெஞ்சரிப்பு. மாதா கோயிலிலிருந்து அச்சன் வந்து ஜெபம் சொல்லிப் புனித நீர் தெளிப்பார்; ஷிஜாவின் ஆட்கள் பூவன்துறையிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். பால் மாதிரி வெளுத்துக் கிடந்த உடம்பில் துளை போட்டு ஒரு மூடியை வைத்தால் எல்லார் கண்ணும் அதில்தான் போய் நிற்கும். பிச்சைக்கனிக்கு மனம் வரவில்லை. சுவருக்குச் செய்கிற மாதிரியே செய்தார். பிசின் காய்ந்ததும் ராட்டினத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். எழுபது கிலோ. இம்மி அசையவில்லை. ஆனால் சுவரில் மாட்டிய தொட்டி ஒரே கனமாக உட்கார்ந்திருக்கும். கடல் அப்படியில்லை. விட்டுவிட்டு, விட்டுவிட்டுச் சுண்டும். மூன்றாவது வாரம் பிசின் விட்டுவிட்டது.

"கனியண்ணா, இன்னும் எத்தனை நேரமாகும்?"

ஷிஜா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தோளில் ஹெல்மெட் தொங்கியது.

"ரெண்டு நட்டுதான் பாக்கி மோளே."

"இது என்ன, புதுசா ஒரு மூடி?"

"அடியில தகடு போடணும். கை போக வழி வேணும்லா."

"நல்லது. இனி பிய்யாது அல்லே?" அவள் இரண்டு படி ஏறிவந்தாள். குரல் தாழ்ந்தது. "லிங்கராஜ் விளிச்சான். நாலு மணிக்கு வராம்னு சொன்னான், பழைய வேலை கேட்டு. திங்கள்கிழமை முதல் அவன் இடத்துக்கு மஹேஷை வரச்சொல்லியாச்சு. பட்சே எனக்கு மனசு கேக்கல. அவன் முறுக்கல முறுக்கலன்னே நிக்கிறான். அண்ணனல்லே மாட்டினது? அண்ணன் சொல்லு. பிரேக்தானா?"

உண்மையைச் சொல்ல வாசல் திறந்துதான் இருந்தது. அவர் நுழைந்திருக்கலாம்.

"நான் கரையில கெடக்கவன் மோளே. கடல்ல என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்."

"அதும் சரிதான்." ஷிஜா பெருமூச்சு விட்டாள். "அப்போ மஹேஷே வரட்டும்."

அவள் இறங்கிப் போனாள். பிச்சைக்கனி கையைத் திரும்பத் துளைக்குள் விட்டார். நட்டு விரலில் நிற்காமல் உருண்டு உள்ளே எங்கோ விழுந்தது. அதைத் தேடிக்கொண்டே வெகுநேரம் கிடந்தார். நல்ல வேலைக்காரன் என்ற ஒரு பேர். அதைத் தவிர இந்த ஊரில் அவருக்கு என்று எதுவுமில்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருத்தன் பேரைக் கடலில் போட்டாயிற்று. இன்று அதை இன்னொரு தடவை போட்டாயிற்று.

"என்ன அண்ணாச்சி, படகு உங்கள முழுங்கிட்டு காலை மட்டும் துப்பியிருக்கு?"

லிங்கராஜ் ஏறிவந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள்.

"வாவே. சும்மா நிக்காம அந்த பதிமூணு ஸ்பானரை எடு."

அவன் இடது கையால் எடுத்துக் கொடுத்தான். பிச்சைக்கனி எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பானூர் லாட்ஜுல என்ன வேலை தாரான்?"

"லிஃப்டுக்குள்ள நிக்கது. மேல போவும், கீழ வரும். பத்து வருஷம் கடல்ல சுத்தாத தலை அதுல சுத்துது. தொப்பி வேற குடுத்திருக்கான். நேத்து ஒருத்தர் என்னைப் பாண்டு செட்டுக்காரன்னு நெனச்சு, பொண்ணு கல்யாணத்துக்கு வருவியாடேன்னு போன் நம்பர் கேட்டாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த பிறகு லிங்கராஜ் புதிய ராட்டினத்தின் பக்கம் குனிந்தான். தொடவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். நான் யோசிச்சுப் பாத்தேன். நான்தான் முறுக்கியிருக்கேன்."

"என்னவே சொல்லுத?"

"மொதல்ல தளத்தி வெச்சேன்னு நல்லா ஞாபகம் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. தூங்கும்போது பாத்தா எங்கை அந்தப் பிரேக்கைத் திருவிக்கிட்டே இருக்கு. இத்தனை பேரு சொல்லுதான், எல்லாரும் பொய்யா சொல்லுவான்? ஷிஜாகிட்ட ஒத்துக்கப் போறேன். நான்தான், இனி வராதுன்னு அவங்க மாதா மேலயே சத்தியம் பண்ணுதேன். ஒத்துக்கிட்டா அவங்க மனசு எரங்கும். எரங்காதா?"

பிச்சைக்கனி ஸ்பானரைக் கீழே வைத்தார். இத்தனை மாதத்தில் அவர் எத்தனையோ விதமாக இதை நினைத்துப் பார்த்திருந்தார். அவன் கோபப்படுவான், சண்டைக்கு வருவான், ஒரு நாள் தானாகவே கண்டுபிடிப்பான். இவர் தப்பை எடுத்து, அவன் தன்னுடையது என்று சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான் என்று நினைத்ததே இல்லை.

"நீ முறுக்கல லிங்கம்."

"அது எப்படி உங்களுக்கு..."

"அடியில தகடு போடல நான். வெட்டி வெச்சேன், போடல. வெள்ளையில துளை போட மனசில்லாம பிசினை ஊத்தித் திருகிட்டேன். நீ தளத்தித்தான் வெச்சிருப்ப. குண்டு ஒருவாட்டி சுண்டினாப் போதும், அது வந்திருக்கும்."

லிங்கராஜ் துளையைப் பார்த்தான். உள்ளே புதுத் தகட்டின் ஓரம் மின்னியது. அவன் எதையோ கணக்குப் போடுகிறவன் மாதிரி உதட்டை அசைத்தான். கீழே யாரோ கம்ப்ரஸரை ஓடவிட்டு நிறுத்தினார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு மதினி கஞ்சி வெச்சுத் தந்து நீங்க தெனம் கொண்டாந்தீங்க," என்றான். "பதினோரு நாளு. வெயில்ல ரெண்டு பஸ் மாறி. பயறு துவையல் வேற. பக்கத்து பெட்டுக்காரன் கேட்டான், அண்ணனான்னு. ஆமான்னு சொன்னேன்."

பிச்சைக்கனி கையிலிருந்த தூளைத் தட்டினார்.

"அது இதுக்குத்தானா அண்ணாச்சி?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. உனக்குக் கை உடையாமல் வெறும் காய்ச்சல் வந்திருந்தாலும் கொண்டுவந்திருப்பேன் என்று சொல்ல வந்தது. அது நிஜம்தானா என்று அவருக்கே இப்போது தெரியவில்லை. இதற்கு என்றும் சொல்ல முடியவில்லை, இதற்கில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கஞ்சியை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

லிங்கராஜ் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தான். ஏணியைப் பிடித்து இறங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. விறைத்த இரண்டு விரலும் கம்பியைத் தொடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஷிஜா இருந்த பக்கம் அவன் போகவில்லை. கேட்டைத் தாண்டி மேட்டில் ஏறினான்.

ஷிஜா கூரை நிழலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பிச்சைக்கனி போய் எதிரே நின்றார். தலையிலும் புருவத்திலும் வெள்ளைத் தூள். ஒரு நிமிஷம் என்று அவள் விரலைக் காட்டினாள். அவர் அந்த ஒரு நிமிஷம் நிற்கவில்லை.

"பிரேக் இல்ல மோளே. நான்தான்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அவர் தகட்டைச் சொன்னார், சனிக்கிழமையைச் சொன்னார், ஓட்டையைத் தேய்த்து மூடியதையும் சொன்னார். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமே ஆயிற்று. போனுக்குள்ளிருந்து யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முன்னே நான் கேட்டப்போ..." என்று தொடங்கி ஷிஜா நிறுத்திக்கொண்டாள். "அண்ணன் காரியம் பின்னே பேசாம். முதல்ல போய் அவனை விளிச்சிட்டு வா. நான்தான் அவங்கிட்ட மாப்பு சொல்லணும். பஸ் எடுத்திரும், போ."

அவர் ஓடினார். மேட்டு முனையில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. லிங்கராஜ் நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது குரல் மூச்சாகத்தான் வந்தது. அவன் திரும்பினானா இல்லையா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் மீன் விற்றுத் திரும்புகிற ஒரு பெண்பிள்ளை முன்பக்கப் படியில் ஏறி அவன் பக்கத்தில் வந்து, சேலையைச் சரிசெய்ய வேண்டி, காலிச் சருவத்தை அவனிடம் நீட்டினாள். "ஒந்நு பிடிச்சோ மோனே." கேட்டுப் பழக்கமான குரல் போல அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். அந்த அலுமினியப் பாத்திரம் வலது பக்கமாகச் சரிந்தது. மடங்காத விரல்கள் அதைத் தடுக்கவில்லை. விழுவதற்குள் அவன் அதை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டான். இஸ்திரிச் சட்டையில் மீன் தண்ணீர் இறங்கியது. கண்டக்டர் இரண்டு தடவை மணி அடித்தார். பிச்சைக்கனி ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக, கம்பியைப் பிடித்தபடி நின்றார்.