கருடனுக்குக் கண்ணாடி

மனித குலம் இதுவரை செய்து முடித்த காரியங்களில் இனி ஒரு திருத்தமும் வேண்டாதது ஒன்றே ஒன்றுதான் என்றும், அது கருடன் 250 மோட்டார்சைக்கிள்தான் என்றும், 1978ஆம் வருஷம் மாசி மாதம் கரமனையில் ஞானையனின் ஒர்க்‌ஷாப்பில் வைத்து ஸ்ரீகண்டன் அறிவித்தான். அறிவிக்கும்போது எழுந்து நின்றான். ஸ்டூல் சாய்ந்தது. அதை யாரும் நிமிர்த்தவில்லை. அவ்வளவு கோபம் அன்றைக்கு எல்லோருக்கும்.

காரணம் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை. நெடுந்தூரம் போகிறவர்களின் சௌகரியத்துக்காகக் கருடனைப் புதிதாக வடிவமைக்கப்போவதாக அதில் படம் போட்டிருந்தார்கள். இரட்டை சீட் போய் ஒரே நீள சீட். பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. முன்னால், ஓட்டுகிறவனின் நெஞ்சிலிருந்து நெற்றி வரைக்கும், ஒரு கண்ணாடி.

சாலைக் கடைத்தெருவில் அரிசி வியாபாரம் பண்ணும் தளவாய் படத்தைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, இது வண்டியா காவடியா என்று கேட்டான். ஹெட்லைட் பல்பு மாற்ற இனி கண்ணாடியைக் கழற்ற வேண்டும், அதற்குப் பதினோரு ஸ்க்ரூ என்று ஞானையன் படத்திலேயே எண்ணிச் சொல்லி, கையிலிருந்த ஸ்பானரை மூலையில் எறிந்தான். கடைசியில் ஸ்ரீகண்டன் தீர்ப்புச் சொன்னான்.

"காத்து மூஞ்சில அடிக்கலேன்னா அதுக்குப் பேர் மோட்டார்சைக்கிள் இல்லை, மிட்டாய்க்கடை அலமாரி. உள்ள உக்காந்துண்டு வரவன் லட்டு."

இவ்வளவு பேசிய ஸ்ரீகண்டனுக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. ஓட்டிக்கொண்டிருந்தது பம்பாய்க்கு மாற்றலாகிப் போன அத்திம்பேரின் கருடன். சித்திரை விஷுவுக்கு அவர் திரும்பி வருகிறார். ஆனால் ஸ்ரீகண்டன் ஆறு வருஷத்துக்கு முன்பே கம்பெனியின் காத்திருப்பு வரிசையில் ஒரு புதுக் கருடனுக்குத் தன் பெயரைப் பதிந்து வைத்திருந்தான். எண் 4417. மனைவி ஜெயலக்ஷ்மியின் பிறந்த நாள் மறந்துபோகும், இது மறக்காது. அந்த எண்ணுக்கு வண்டி வராவிட்டால் விஷு கழிந்த மறுநாள் அவன் கரமனை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போக வேண்டியவன். மாதம் ஒருமுறை போனக்காடு மலைக்குப் போகும் வண்டி வரிசையில் முதலாவதாகப் போகிறவன் அவன். பஸ்ஸில் போகிறவனுக்கு அதில், தளவாயைப் போல, யாராவது ஒருவரின் பின்சீட்டுதான்.

அன்றைக்கே கம்பெனிக்கு ஒரு மனு எழுதினான். பதினோரு வருஷம் சர்க்கார் ஆபீஸில் கிளார்க்காக இருந்ததில் அவனுக்குத் திடமாக இருந்த ஒரே நம்பிக்கை, ரெஃபரன்ஸ் நம்பர் இல்லாத கடிதத்தை எந்த ஆபீஸும் படிக்காது என்பது. ஆகவே கருடனுக்குப் பதிந்து காத்திருந்து கையெழுத்துப் போட்ட முப்பத்தொரு பேரிடமும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வரிசையாக எழுதி, 'மேற்கண்ட எண்களுக்குரிய நாங்கள் கண்ணாடி வைத்த வண்டியை ஒருக்காலும் ஏற்கமாட்டோம்' என்று அடியில் கோடும் இழுத்தான். முதல் எண் 4417. கண்ணாடி ரத்தானால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றொரு தேங்காய் உடைப்பதாக எல்லோர் சார்பிலும் நேர்ந்துகொண்டான்.

கம்பெனி மனுவைப் படித்தது. எண்களைக் குறிப்பாகப் படித்தது. பதினெட்டாம் நாள் முப்பத்தொரு பேருக்கும் தனித்தனியாகப் பதில் வந்தது. தங்கள் உறுதியை மதிக்கிறோம். பழைய மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே தங்கள் எண்ணை வரிசையிலிருந்து நீக்குகிறோம். கண்ணாடிக்குச் சம்மதமானால் மார்ச் முப்பத்தொன்றுக்குள் தெரிவிக்கவும்.

தளவாய் அந்தக் கடிதத்தோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். வழக்கமாக ஸ்ரீகண்டனைச் 'சாமி' என்று கூப்பிடுகிறவன்.

"உம்மகிட்ட நம்பர எழுதச் சொல்லி எவன் வே கேட்டான்?" என்றான். "அஞ்சு வருசம் காத்துக் கெடக்கேன். இந்தப் பொங்கலுக்கு வண்டியிலதான் ஊருக்குப் போறோம்னு மூணு பொங்கலா எம் பொஞ்சாதி பேச்சிகிட்டச் சொல்லிட்டு இருக்கேன். இப்ப வரிசையே இல்லங்கான். நான் சம்மதம்னு எழுதிப் போடப் போறேன்."

"எழுது. கண்ணாடிக்குள்ள உக்காந்து லட்டாட்டம் போ."

"நீரு?"

"உயிரே போனாலும் எழுதமாட்டேன்."

"உமக்கென்ன, அத்தான் வண்டி இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தளவாய் போனான். ஸ்ரீகண்டன் பாக்கெட்டிலிருந்து போனக்காடு போகிறவர்களின் லிஸ்டை எடுத்து, தளவாயின் பெயரை அடித்தான். பேப்பர் கிழிந்தது.

கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்று தளவாய் பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைத்த செய்தி மறுநாள் வந்தது. கண்ணாடி போகவேண்டும் என்று நூற்றொன்று நேர்ந்த பிள்ளையாரிடமே கண்ணாடி வரவேண்டும் என்று ஒன்று உடைத்தவன் திருவிதாங்கூர் சரித்திரத்திலேயே இவன்தான் என்று ஸ்ரீகண்டன் ஒரு வாரம் சொல்லித் திரிந்தான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பாதிப் பேர் சிரித்தார்கள். பிறகு சிரிக்காதவர்கள் எல்லோரும் எழுதிப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. ஸ்ரீகண்டன் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தான். மாதக் கடைசியில் போனக்காடு லிஸ்டில் அவன் பெயர் மட்டும் இருந்தது.

"சாமி, ஒத்தைக்கா மலை ஏறப் போறீரு?" என்று ஞானையன் கேட்டான். பிளக்கைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல்.

துரோகிகள், முதுகெலும்பு இல்லாத ஜன்மங்கள் என்று அரைமணி நேரம் கத்திவிட்டு ஸ்ரீகண்டன் வீட்டுக்குப் போனான். அங்கே அத்திம்பேரின் இன்லண்ட் லெட்டர். விஷுவுக்கு முதல் நாள் வருகிறேன், வண்டியைத் துடைத்து வை.

மார்ச் முப்பத்தொன்று மத்தியானம், டிபன் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஸ்ரீகண்டன் தந்தி ஆபீஸ் கவுண்டரில் நின்றான். கடிதம் இனிப் போய்ச் சேராது. கவுண்டர்க்காரர் ஃபாரத்தை வாங்கி, ஹால் முழுவதும் கேட்கும்படி வாசித்தார்.

"நாலு நாலு ஒண்ணு ஏழு. கண்ணாடி சம்மதம். இத்ர மதியோ சாரே?" என்று, இவ்வளவு போதுமா என மலையாளத்தில் கேட்டார்.

ஸ்ரீகண்டன் சுற்றுமுற்றும் பார்த்தான். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஃபாரத்தைத் திரும்ப வாங்கினான். மனுவில் அடிக்கோடு இழுத்தது ஞாபகம் வந்தது. அதை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும். யோசித்து, கடைசியில் 'மகிழ்ச்சியுடன்' என்று சேர்த்துக் கொடுத்தான்.

வெளியே வந்து பழவங்காடிக்கு நடந்தான். வண்டியில் போனால் யாராவது பார்ப்பார்கள். கோயில் வாசலில் ஒரே ஒரு தேங்காய் வாங்கினான். பழைய நேர்ச்சையை வாபஸ் பெற்றதாகக் கருதும்படி பிள்ளையாரை வாய்க்குள் கேட்டுக்கொண்டு, 4417 என்று எண்ணையும் சொல்லி, எட்டு நாள் கோபத்தையும் சேர்த்து ஓங்கி அடித்தான்.

தேங்காய் சிதறியது. ஒரு சில்லும் ஒரு கை தண்ணீரும் பறந்து வந்து அவன் முகத்தில் அடித்தன. நெற்றியிலிருந்து நெஞ்சு வரைக்கும் நனைந்தது.

முன்னால் ஒரு கண்ணாடி இருந்திருந்தால் பட்டிருக்காது என்று நினைத்தபடி ஸ்ரீகண்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.