மூன்றாவது கியர் விழாத கார்

மூன்றாவது கியர் சரியாக விழுவதில்லை; போட்டால் அவிநாசி ரோடு நீண்டுவிடுகிறது. காலையிலிருந்து இப்படித்தான். இரண்டாவதில் உருட்டினால் ஆஸ்பத்திரி எதிரிலேயே தெரிகிறது. மூன்றாவதுக்கு மாற்றியதும் நாலு பஸ் ஸ்டாப் தள்ளிப் போய் நிற்கிறது. பக்கத்து சீட்டில் என் மனைவி சாந்தாமணி. பிரசவ வலி வந்துவிட்டது.

"ரோட்டைப் பாருங்க. என் மூஞ்சியில என்ன இருக்குது?" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாஷ்போர்டில் கோளாறு காட்டும் மஞ்சள் விளக்கு வேறு எரிந்து உயிரை வாங்கியது. முதலில் தென்பட்ட ஒர்க்‌ஷாப்புக்குள் காரை விட்டேன்.

வாசலில் ஆம்பளைச் செருப்புகள் விசேஷ வீடு மாதிரி குவிந்து கிடந்தன. ஒர்க்‌ஷாப் உள்ளே போகப் போகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மெக்கானிக் மயில்சாமி முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அவசரமுங்க."

"எல்லாருக்கும் அவசரந்தானுங்க."

ஸ்டீயரிங்குக்குக் கீழே, கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனரைச் சொருகினார். திரையைப் பார்த்துப் படித்தார். "எஞ்சின் சரி. கிளட்ச் சரி. கியர்பாக்ஸ் தங்கமா இருக்குது." இன்னொரு பட்டனை அழுத்தினார். "அட, ஒரே ஒரு கோளாறு காட்டுது. பிரிச்சு சரி பண்ணட்டுமா, ஸ்கேனர்லயே அழிச்சு உட்டறட்டுமா?"

"பிரிச்சா எப்பங்க கிடைக்கும்?"

"குழந்தை பள்ளிக்கூடம் போறதுக்குள்ள குடுத்தர்றேன்."

"அழிச்சா?"

"லைட்டு அணைஞ்சுரும். இப்பவே போலாம். எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

நானும் எத்தனையோ தடவை அழித்து ஓட்டியவன்தான். விளக்கு அணைந்தால் வண்டி சரி. சாந்தாமணி கதவுக் கைப்பிடியைப் பிய்த்து மடியில் வைத்திருந்தாள்.

"அழிங்க," என்றேன்.

அழித்தார். விளக்கு அணைந்தது. கண்ணாடியில் போன் நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

"என்ன கோளாறுங்க அது?"

மயில்சாமி என்னைத் தாண்டிக் குனிந்தார். சாந்தாமணியிடம் சொன்னார். "டிரைவர் சீட்டுல இருக்கற ஒருத்தர்தான் கோளாறுன்னு காட்டுச்சுங்க அம்மணி. இப்ப இல்ல."

நான் எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. வெளியே நின்றிருந்தேன். அவள் முனகிக்கொண்டே நகர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

"சாந்தா, அடியே, நானும் வர்றேன்!" கண்ணாடியைப் படபடவென்று தட்டினேன். அவள் வைப்பரைப் போட்டாள்.

ரோட்டில் ஏறியதும் மூன்றாவது விழுந்தது. நாலாவதும் விழுந்தது. ரோடு ஒரு அடிகூட நீளவில்லை. அப்பாடா என்றிருந்தது. வயிறும் எரிந்தது. பின்னாலேயே ஓடிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மயில்சாமியின் முக்காலிக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றேன்.

சாயங்காலம் அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு நர்ஸ்.

"வண்டியில உங்க ஒர்க்‌ஷாப் ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்குது. அந்தம்மாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்க. கூட யாருமே வரலை, கேட்டா அவங்களுக்கும் சொல்லத் தெரியலை. குழந்தையோட அப்பா பேரு தெரியுங்களா?"

"தீனதயாளன்! தீனதயாளன்னு சொல்லுங்கண்ணா!" அவர் காதோரம் போய்க் கத்தினேன். கொசு விரட்டுவது மாதிரி கையை ஆட்டினார்.

ஸ்கேனரை எடுத்து மறுபடி ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"கோளாறு எதுவும் இல்லீங்க சிஸ்டர்," என்றார். "எல்லாம் சரியா இருக்குது."