இருபத்தொன்பது பச்சை, ஒரு சிவப்பு

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். அன்று அதற்கும் விடுமுறை கொடுத்திருந்தேன். தூரம் அளக்கும் சென்சார் ஒருவழியாக என் கணக்கு வகுப்புக்கு வந்துவிட்டது! அதன் முன்னால் யாராவது நடந்தால் போதும், அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது நொடிக்கு நொடி திரையில் கோடாக ஓடும். அந்தக் கோட்டின் சமன்பாட்டைப் பிள்ளைகள் டேப்லெட்டில் எழுத வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு.

வகுப்புத் தலைவன் பின்சுவரில் முதுகை ஒட்டி நின்றான். சென்சாரிலிருந்து சரியாக நான்கு மீட்டர். அங்கிருந்து நொடிக்கு அரை மீட்டராக, புது மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான். கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. வகுப்பே கூச்சல் போட்டது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

விடைகள் வந்தன. முதலில் எல்லாமே சிவப்பு. பிறகு ஒவ்வொன்றாகப் பச்சை. திருத்திக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பூரித்துப் போனேன். முடிவில் ஒரே ஒரு சிவப்பு பாக்கி. கடைசி பெஞ்சுக்காரி.

ஏற்கெனவே இரண்டு தேர்வில் கோட்டை விட்டவள். இன்றைய விடைக்கும் மதிப்பெண் உண்டு; இதிலும் தவறினால், கணக்கில் பின்தங்கியவர்கள் படிக்கும் கீழ்ப் பிரிவுக்கு அவளை அனுப்பி நான் கையெழுத்துப் போட வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

"மைனஸை எடுத்துட்டு ப்ளஸ் போடுடி, பச்சையாயிடும். நாங்க எல்லாரும் அப்படித்தான் செஞ்சோம்." பக்கத்துத் தோழி கிசுகிசுத்தது என் காதிலும் விழுந்தது.

"மாட்டேன்."

"என்ன திமிரா?" என்றேன்.

"இல்ல மிஸ். அவன் கிட்ட வந்தான், தூரம் குறைஞ்சுது. அப்போ மைனஸ்தானே?"

"மெஷின் தப்புன்னு சொல்லுதே!"

"சொல்லட்டும் மிஸ்."

விறுவிறுவென்று போய்ப் பின்சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

"ப்ளஸ்னா தூரம் கூடணும். இங்க நின்னுட்டு இன்னும் பின்னால எப்படிப் போறது? சுவத்தை இடிச்சுக்கிட்டா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் என் டேப்லெட்டைத் திறந்தேன். நான் பதித்து வைத்திருந்த விடை: y = 4 + 0.5x. பச்சையைப் பார்த்த மயக்கத்தில் கோட்டையே பார்க்காமல் இருந்திருக்கிறேன்! காது மடல் சுட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

ப்ளஸை மைனஸாக்கினேன். அவளுடைய சிவப்பு பச்சையானது. மற்ற இருபத்தொன்பதும் சிவந்து போயின.

"அநியாயம் மிஸ்! முதல்ல நானும் மைனஸ்தான் போட்டேன்!"

"நானும் மிஸ்!"

"தப்பு போட்டது நான்தான், மன்னிச்சிடுங்க. முதல்ல எழுதினதுக்கே மார்க்," என்றேன். கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். "ஆனா ஏன் மாத்தினீங்க?"

தலைவன் தலையைச் சொறிந்தான். "பச்சை வரணும்ல மிஸ்."

அவள் இன்னும் சுவரோரம்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ நான் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டாமா மிஸ்?"

"நீ போயிட்டா, நான் தப்பு பண்ணும்போது எனக்கு யாருடி சொல்லுவா?"