ஏரிக்கரைச் சரிவில் நீளக்கோடு

மழைக்கு மாடு வழுக்குகிறது என்று எங்கள் ஊர் ஏரிக்கரைச் சரிவுக்குப் பஞ்சாயத்தில் சிமெண்டு போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வேலையை மேஸ்திரி சென்னப்பனிடம் கொடுத்தார்கள். அவர் ஆயுசில் தரை போட்டதெல்லாம் மாட்டுக்கொட்டாயில். கொட்டாய்த் தரையில் மூத்திரம் வடிய வாட்டத்தோடு நீளநீளமாகக் கோடு கிழிப்பார்கள். பழகின கை, சரிவிலும் அப்படியே மேலிருந்து கீழே கிழித்துவிட்டது. ஒவ்வொரு கோட்டிலும் சைக்கிள் டயர் அச்சடித்த மாதிரி உட்காரும். சரிவு முடிகிற இடத்தில் ரோடு இடது பக்கம் திரும்புகிறது. கோடு திரும்பாது. நேரே வாய்க்காலைப் பார்த்துப் போகும்.

சிமெண்டு காய்ந்த மூன்றாம் நாள் நான் ஹேண்டிலைத் திருப்பினேன். சக்கரம் திரும்பவில்லை. முழங்கை, முட்டி, டிபன் பாக்ஸ் மூன்றும் ரோட்டில் கிடந்தன.

"பி.ஏ. படிச்ச புள்ளைக்கு பெடல் மிதிக்கப் படிக்கலயே" என்றான் டீக்கடை கோவிந்தன். கடையே சிரித்தது. பொம்பளை சைக்கிள் ஓட்டினால் இப்படித்தான் என்று தீர்ப்பும் ஆயிற்று.

என் அப்பா கிருஷ்ணப்பனுக்கு மகள் விழுந்ததைவிட ஊர் சிரித்ததுதான் வலித்தது. "இன்னொரு தடவ சிரிச்சாங்கன்னா சைக்கிள வித்துடுவேன்" என்றார். சைக்கிள் போனால் வேலையும் போச்சு. நான் வாத்தியார் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் ஆறு மைல். மணி அடிப்பது ஒன்பதரைக்கு, முதல் பஸ் வருவது பத்தரைக்கு. எங்கள் வகையறாவிலேயே முதல் பி.ஏ. நான். வேலையை விட்டுவிட்டு வூட்டில் உட்கார்ந்து புளி கொட்டை எடுக்கவா படித்தேன்?

வளைந்த ஹேண்டிலோடு முகம்மது கவுஸ் பாய் சைக்கிள் கடைக்குப் போனேன்.

"பாய், இந்த வாரம் எத்தன ஹேண்டில் நிமித்துனீங்க?"

"உன்னுதோட பன்னெண்டும்மா."

"எல்லாம் அந்தச் சரிவுதானே?"

"அப்படி ஒருத்தரும் சொல்லலியே. நாலு பேருக்கு நாய் குறுக்க வந்துச்சாம். ஆறு பேருக்கு ஆடு. தபால்காரருக்குப் பாம்பு."

"ஒரு சரிவுல இத்தன பிராணியா?"

"என்னைக் கேட்டா? எனக்கு ஹேண்டில் பாஷை மட்டுந்தான் தெரியும்."

"பஞ்சாயத்துத் தலைவரு சைக்கிள்?"

"அவரு கெட்டிக்காரரு. மேலயே எறங்கித் தள்ளிக்கிட்டு வருவாரு. ஏரியில தண்ணி எவ்வளவுன்னு பாக்கறாராம்."

எனக்கு வந்த கோபத்தில் பாய் அடித்துக்கொண்டிருந்த சுத்தியலைப் பிடுங்கி நானே நாலு அடி அடித்தேன். பன்னிரண்டு பேர் விழுந்திருக்கிறோம். ஊர்க் கணக்கில் விழுந்தது என்னவோ நான் ஒருத்திதான்!

காரிமங்கலம் சந்தை நாள் காலையில் சரிவின் மேலே தலைவர் பச்சியப்பன் சைக்கிளைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் தக்காளி ஏற்றிய வண்டியில் அப்பா. எதிரே டீக்கடை நிறைய ஆட்கள். நல்ல கூட்டம்.

"ஏனுங்க தலைவரே எறங்கறீங்க?" என்று சைக்கிளோடு போய் நின்று கேட்டேன்.

"ஏரிய ஒரு பார்வ பாக்கலாம்னு..."

"ஏரி காஞ்சு மூணு மாசமாச்சுங்க. இந்தக் கோடுதான் ஆள விழத்தாட்டுது. இல்லேன்னா ஓட்டிக் காட்டுங்க. நீங்க விழாம எறங்கிட்டா எஞ்சைக்கிள இன்னிக்கே வித்துடறேன்."

"அடியே!" என்றார் அப்பா.

அத்தனை பேர் பார்க்கும்போது தலைவர் எப்படி மாட்டேன் என்பார்? வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். முன்சக்கரம் கோட்டில் உட்கார்ந்தது. அப்புறம் அவர் ஓட்டவில்லை, கோடுதான் ஓட்டியது. ரயில் மாதிரி நேராக, அழகாகப் போனார். திருப்பத்தில் ஹேண்டிலோடு மல்லுக்கட்டினார். ரோடு திரும்பியது, தலைவர் திரும்பவில்லை. நேரே வாய்க்காலில் இறங்கி, முழங்கால் சேற்றில் இரண்டு காலையும் ஊன்றி, சீட்டில் உட்கார்ந்தபடியே நின்றார்.

வாய்க்காலில் ஓடிய பம்புசெட்டுத் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்த குள்ளம்மாள், "துணிய மிதிக்காதீங்க சாமி" என்றாள்.

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாரும் பாத்துக்குங்க. நான் விழல. எறங்கிட்டேன்."

"ஆமா, விழல!" என்று கோவிந்தன் துள்ளினான். "பந்தயம்னா பந்தயம். சைக்கிள வித்துப்புடு புள்ள!"

ஆள் குத்துக்கல்லாக நிற்கிறார், எப்படி விழுந்தார் என்பது? அப்பா வண்டியைவிட்டு இறங்கினார். விற்கத்தான் போகிறார் என்று ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்து கோட்டில் விரலை வைத்து வாய்க்கால் வரைக்கும் பார்த்தார். "சென்னப்பன் கொட்டாய்த் தரையப் போட்டு வச்சிருக்கான்" என்று முனகினார். பிறகு சத்தமாக, "தலைவர் விழலீங்க. எறங்கினாரு. எம்பொண்ணும் அன்னிக்கு இப்படித்தான் எறங்கியிருக்கா. தலைவர் சைக்கிள வித்தாருன்னா நானும் விக்கறேன்."

"நான் எதுக்கய்யா விக்கணும்?"

"அப்ப அவ எதுக்குங்க விக்கணும்?"

தலைவர் சேற்றிலிருந்து ஒரு காலைப் பிடுங்கினார். செருப்பு வரவில்லை. "சென்னப்பன வரச் சொல்லுங்க" என்றார். "மாடுங்களுக்கு இந்தக் கோடு தோதுப்படல. இதப் பூசி அடைச்சுட்டு குறுக்க கொத்தட்டும்."

மாடுகளுக்காகவே இருக்கட்டும். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கி, ரோட்டில் ஏறி மிதித்தேன். அன்று பள்ளிக்கூடத்தில் முக்கால் மணி நேரம் லேட். தலைமையாசிரியர் தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொல்லி நோட்டை நீட்டினார். 'பஞ்சாயத்துத் தலைவர் வாய்க்காலில் நின்றதால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேருக்குப் பின்னால் பி.ஏ.வும் போட்டேன்.