நூற்றெண்பது வினாடி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் தங்கை மென்பொருள் எழுதுகிறவள். போன வாரம் என் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டவள், "அக்கா, ஒரு நாய் என் வேலையைக் கெடுக்குது," என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். அவள் ஆறுதலுக்குச் சொன்னாள். நான் கதைக்குக் கேட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பார்த்துக்கொள்ள யாருமில்லாத இடைவெளியில்தான் மனிதர்கள்…"

(விட்டுவிட்டேன். 'மனிதர்கள்' என்று பொதுவாகத் தொடங்கும் வாக்கியம் யாரையும் பார்த்திருக்காது.)

இரண்டாவது: ஒரு பெட்டி. சுகாதார நிலையங்களில் மருந்தைக் குளிராக வைப்பது. அதற்குள் ஒரு சிறிய கணினி. அதற்குள் ஒரு கடிகாரம். பெயர் வாட்ச்டாக், அதாவது காவல்நாய்; அவர்கள் அலுவலகத்தில் வெறும் நாய். அறுபது வினாடிக்குள் கணினியில் ஓடும் நிரல் ஏதாவது அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி உறைந்துவிட்டது என்று நினைத்துக் கடிக்கும். கடித்தால் கணினி அணைந்து முதலிலிருந்து எழும்.

முதலில் எழும் சின்ன நிரல் நாயை அவிழ்த்துவிடும். பிறகு பொறுப்பை இயங்குதளத்திடம் (அவர்கள் வாயில் ஓ.எஸ்.) கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். இயங்குதளம் எழுந்து கண்ணைக் கசக்கும்வரை நாயைத் தட்ட ஆளில்லை.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3

இயங்குதளம் எழ முப்பத்தெட்டு வினாடி. தங்கை அளந்திருக்கிறாள். அறுபதுக்குள் தாராளம். தவறு அளவில் இல்லை. ஒவ்வொரு முறையும் பெட்டியை ஒழுங்காக அணைத்துவிட்டு அளந்ததில் இருந்தது. (எங்கள் வீட்டில் சுவிட்சை அணைக்காமல் பிளக்கைப் பிடுங்குகிறவள் நான். திரும்பி வந்து சுவிட்சை அணைக்கிறவள் அவள்.)

மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. சட்டென்று போனால், மறுபடி எழும் இயங்குதளம் முதலில் தன் கோப்புகளைச் சரிபார்க்கும். அதற்கு எண்பது வினாடிக்கு மேல். அறுபதில் நாய் கடிக்கும். மறுபடி எழும், மறுபடி சரிபார்க்கத் தொடங்கும், மறுபடி கடி.

சோதனைக்குப் பெட்டி வாங்கியிருந்த மருந்தாளுநர் தங்கையைப் போனில் கூப்பிட்டார்.

"உங்க பெட்டிக்கு விக்கல் எடுக்குதும்மா."

"விக்கலா?"

"எழுந்திரிக்குது, பொசுக்குன்னு போயிடுது. மறுபடி எழுந்திரிக்குது. யாரோ நினைக்கிறாங்க போல." பிறகு சிரிக்காமல் சொன்னார்: "மருந்தைப் பழைய பெட்டிக்கு மாத்திட்டேன். பழைய பெட்டி இல்லாத இடத்துல என்ன செய்வாங்க?"

4

அவளுடைய மேலாளர் கோபத்தில் மேசையில் ஓங்கிக் குத்துவதாக எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டுச் சிரித்தாள். "மேசையில குத்துனா கைதான் வலிக்கும்னு தெரிஞ்சவரு அக்கா அவரு. வெள்ளிக்கிழமை இருநூறு பெட்டி வண்டி ஏறணும். அவ்வளவுதான்."

அவர் சொன்னது இது:

"கைமாத்துற நேரத்துல மட்டும் நாயைக் கட்டிப் போட்டுடும்மா. ஒரே வரி. ஓ.எஸ். எழுந்ததும் அவுத்து விடட்டும்."

"எழுந்திரிக்காம நடுவுல மாட்டிக்கிட்டா சார்?"

"மாட்டாது."

"மாட்டாதுன்னா நாயே எதுக்கு சார்? யாருக்காவது குடுத்துடலாமே."

அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் பெட்டிகளை அனுப்புவதற்கான ஒப்புதல் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையெழுத்து இல்லாமல் பெட்டிகள் வெளியே போகாது. அவள் பேனா மூடியைத் திறக்கவில்லை.

"ரெண்டு நாள் குடுங்க சார்."

5

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறாள். எங்கோ ஒரு பெட்டி நடுவில் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நிற்கிறது. மருந்து கெடுகிறது. ஒரு குழந்தை…

("குழந்தையை எடுத்துடு அக்கா. அழ வைக்கிறதுக்குன்னே கூட்டிட்டு வந்திருக்க.")

முடிவு ஆ: மறுத்துவிட்டு, மழையில் நனைந்தபடி வேலையை விட்டுப் போகிறாள்.

("அன்னைக்கு நல்ல வெயில். அப்புறம், நான் ஏன் போகணும்? வேலைதான் முடியலையே.")

6

நடந்தது: அவள் நாயைக் கட்டவில்லை. அதன் பொறுமையைக் கூட்டினாள். சின்ன நிரல் ஒதுங்கும் முன் அறுபதை நூற்றெண்பதாக மாற்றிவிட்டுப் போகும். இயங்குதளம் எழுந்ததும், நாய் ஏற்கெனவே அவிழ்ந்திருப்பதைத் தெரிந்துகொண்டு தட்டத் தொடங்கும். நடுவில் ஒரு கணம்கூட நாய் தூங்காது.

வியாழக்கிழமை மதியம் மேலாளரே தரையில் உட்கார்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"நீ சொன்னியே, உங்க அக்கா மாதிரி பிடுங்குறேனா?"

"அக்கா இன்னும் மோசம் சார்."

நாற்பது தடவை பிடுங்கினார். நாற்பது தடவையும் பெட்டி எழுந்தது.

"போதுமாம்மா?"

"இன்னும் ஒண்ணு."

இயங்குதளம் பாதியில் மாட்டிக்கொள்ளும்படி அவளே அதைக் கெடுத்து வைத்தாள். இனி தட்ட யாரும் வரமாட்டார்கள். நூற்றெண்பதில் நாய் கடிக்க வேண்டும். கடித்தால் கையெழுத்து. கடிக்காவிட்டால் இருநூறு பெட்டியும் இங்கேயே நிற்கும்.

சின்ன நிரல் ஒதுங்கியது; இயங்குதளம் பாதியில் மாட்டி, பெட்டியின் விளக்கு அணைந்தது. இருவரும் எண்ணத் தொடங்கினார்கள்.

7

அடுத்ததைச் சொல்லத் தங்கை வாயெடுத்தாள். வேண்டாம் என்றேன். முடிவைச் சொல்லி இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பது நாயைக் கட்டிப் போடுவதுதான். அதை நான் செய்யப்போவதில்லை.

தாள் மேசையில் இருக்கிறது. பேனா மூடியிருக்கிறது. நான் ஒதுங்குகிறேன், எண்ணிக்கை இனி உங்களிடம்.

நூற்று எழுபத்தேழு, நூற்று எழுபத்தெட்டு