சின்னவர் துடிக்க மறுத்த காலை

எனக்கு இதயம் இரண்டு. ஒன்று வழக்கமான இடத்தில் இருக்கிறது. மற்றது என் மனைவியின் ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டு ஒன்றில், சட்டைப் பொத்தான் அளவில் துடித்துக்கொண்டிருக்கிறது. இதுவரை சொன்னது நிஜம். பொய் வரும்போது நானே சொல்லிவிடுகிறேன்.

என் முன்கையிலிருந்து கடுகளவு தோலைக் கிள்ளி எடுத்து, அந்தச் செல்களை மறுபடி பச்சைக் குழந்தையாக்கி, பிறகு இதயத் தசையாக வளர்த்தவள் அவள். மாரடைப்பில் செத்துப்போன தசைமேல் இப்படி ஓர் ஒட்டுப் போட முடிந்தால், மாற்று இதயத்துக்காகப் பலர் காத்துக்கிடக்க வேண்டாம். அவளுடைய எட்டு வருட உழைப்பு அது. ஒட்டுக்குச் செல்லப் பெயர் சின்னவர். பெரியவர் நான்.

ஒரு திங்கட்கிழமை, பக்கத்து வீட்டு போஸ்ட்மாஸ்டரிடம், "என் இதயத்த எடுத்து அவ ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கா சார்" என்று சொல்லிவைத்தேன். மனிதர் மறுநாள் சாயங்காலமே ஆப்பிளோடு என்னைப் பார்க்க வந்துவிட்டார். வந்தவர் வாசலில் நின்று நெடுநேரம் என் மார்பையே பார்த்தார்.

அவர் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஃபிரிட்ஜா? இன்குபேட்டர்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்! முப்பத்தேழு டிகிரில பொத்திப் பொத்தி வளக்கறேன், நீங்க ஃபிரிட்ஜ்ல தூக்கிப் போடறீங்க!"

"அவருக்குப் புரியணுமேன்னு..."

"பேசாதீங்க."

பேசவில்லை. புதன்கிழமை முழுக்க அவளும் பேசவில்லை.

வியாழன் காலை பத்தேகாலுக்கு போன். "ஏங்க, சின்னவர் நின்னுட்டாரு."

பதினொன்றுக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. துடித்தால், பன்றியின் இதயத்தில் தைத்துப் பார்க்க அனுமதி. இல்லாவிட்டால் எட்டு வருடத்தையும் அட்டைப்பெட்டியில் கட்டிவிட வேண்டியதுதான். ஆய்வகம் இரண்டு தெரு தள்ளி. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

குளுகுளு அறையில், மைக்ராஸ்கோப்பின் அடியில் சின்னவர் அசையாமல் கிடந்தார். திரையில் பார்த்தபோது எனக்கே மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றியது.

"எப்போலேர்ந்து?"

"காலைல நல்லாத்தான் இருந்தாரு. பத்து மணிக்குத் தீனி மாத்தினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தறதுதானே. அதுலேர்ந்து இப்படி. கண்ண எடுக்காம பாத்துட்டே இருக்கேன்."

தீனி என்பது செல்களுக்கு ஊட்டம் தரும் ரோஜா நிறத் திரவம்.

"எப்பவும் எப்படி மாத்துவே?"

"பாட்டில வெந்நீர்த் தொட்டில வைப்பேன். அது சூடாகற வரைக்கும் சின்னவர்கிட்ட உங்களத் திட்டிட்டிருப்பேன். முழுசும் சொல்லி முடிக்கக் கால்மணி ஆகும். அதுக்குள்ள பதமாயிடும்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு உங்க பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ. அப்படியே ஊத்திட்டேங்க."

"எதுலேர்ந்து எடுத்து?"

"ஃபிரிட்ஜ்லேர்ந்து."

நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாற்பது வருடக் குடித்தனத்தில் நான் செய்த ஆகப் பெரிய தியாகம் அதுதான்.

புது பாட்டில் தொட்டிக்குள் போனது. "ம், ஆரம்பி" என்றேன். செருப்பில் ஆரம்பித்தாள். ஈரத்துண்டு, தொலைந்த சாவி, அவள் அக்காவிடம் நான் அளந்த கதை என்று போய், போஸ்ட்மாஸ்டரில் வந்து நின்றபோது தீனி பதமாகியிருந்தது. மாற்றி ஊற்றி, சின்னவரை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

குழு வந்தது. தட்டு வெளியே வந்தது. திரையில் ஒரு சுருக்கம். அப்புறம் ஒன்று. அப்புறம் நிற்கவேயில்லை.

"யாரோட செல் இது?" என்றார் குழுத் தலைவர்.

"இவரோடதுதான். திட்டினாத்தான் ஓடுவாரு."

அனுமதிக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. சொன்னபடி, பொய் இப்போது வருகிறது: போஸ்ட்மாஸ்டர் பேச்சு வந்தபோது, ஊற்றுவதற்கு முன்னாலேயே, சின்னவர் ஒருமுறை குலுங்கிச் சிரித்தார்.

அவள் இதைப் படித்துவிட்டு, அது பொய்யில்லை, தானும் பார்த்ததாகச் சொல்கிறாள்.