மூன்று நாற்பது முதல் நான்கு வரை

காலை ஆறு பதினேழு. அவர் பால்கனிக் கதவைத் திறந்தார். ஆறு பதினைந்துக்குத் திறந்திருக்க வேண்டும். ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கால் விரலால் அதை இழுத்ததில் இரண்டு நிமிடம் போயிற்று.

ஓய்வுக்கால ஒத்திகையின் முதல் நாள். ஆரம்பமே தாமதம்.

முப்பத்தோரு வருடமாகப் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுபவர் அவர். எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதுவது அவர் வேலை. அது வராவிட்டால் திட்டு வாங்குவது ஓட்டுநர்கள் வேலை. அவர்கள் அவருக்கு 'நிமிஷம்' என்று பேர் வைத்திருந்தார்கள். நேரில் பார்த்தால் 'நிமிஷம் சார்'.

இன்னும் பதினோரு வாரத்தில் ஓய்வு. ஊருக்கெல்லாம் நேரம் குறித்தவர் தனக்கென்று எதையும் குறித்து வைக்கவில்லை. யாராவது கேட்டால், "செடி கிடி வளர்க்கலாம்" என்பார். "நிறையப் படிக்கணும்" என்பார். எதைப் படிக்கணும் என்று கேட்டால், "அது பார்த்துக்கலாம்" என்பார்.

போன வாரம் மேலாளர் ஒரு படிவத்தை மேசையில் வைத்தார். இரண்டு வருட நீட்டிப்பு. அடுத்த சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குத் துளியும் விருப்பமில்லை. ஜன்னல் இல்லாத அறையும் முனகுகிற டியூப்லைட்டும் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் அந்தப் 'போதும்' மனைவி வாயிலிருந்து வர வேண்டும் என்று ஆசை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மனைவி தையல்காரி. ஹால்தான் அவள் கடை. வாயில் நாலு குண்டூசி இருந்தது. வைத்தபடியே படிவத்தைப் படித்தாள்.

"போட்டுடுங்க."

"எதை?"

"கையெழுத்தை."

அவர் முகம் செத்துப்போயிற்று. "நான் வீட்ல இருந்தா உனக்கு நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். "இருங்களேன், யார் வேணாம்னா? பகல்ல எங்க இருப்பீங்க?"

"வீட்ல."

"வீட்ல எங்கன்னு கேக்கறேன்."

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, மூலையில் ஒரு திரை, மீதி இடமெல்லாம் துணி. 

"ஒரு வாரம் லீவு போடுங்க," என்றாள் மனைவி. "இருந்து காட்டுங்க. ஒத்து வந்தா அந்தப் பேப்பரை நானே கிழிச்சுப் போடறேன். வரலைன்னா மூச்சு விடாம கையெழுத்து."

அன்றே அவர் வேலையில் இறங்கினார். இரண்டு நாளில் அட்டவணை தயார். பெரிய தாள். நீலக் கோடு அவர். ஆறு பதினைந்து, பால்கனி. ஆறு நாற்பது, செய்தித்தாள். பத்து இருபது, ஹால் நாற்காலியில் வாசிப்பு. ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இடையில் நாலு நிமிடம் இடைவெளி. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மனைவி அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"இதுல நான் எங்க?"

"நீயா? நீ ரோடு."

"என்னது?"

"அதாவது, நீ எப்பவும் இருப்பே. போய் வர்றது பஸ்தான். ரோட்டுக்கு யாரும் டைம் போட மாட்டாங்க."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கீழே தெருவில் பஸ் சத்தம் கேட்டது. "பன்னெண்டாம் நம்பர். மூணு நிமிஷம் லேட்," என்றார். அது அவருக்குப் பழக்கம். சாப்பிடும்போது சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார், மாமனாரைப் புதைத்துவிட்டுத் திரும்பும் வழியிலும் சொன்னார்.

திங்கட்கிழமை பத்து இருபதுக்கு அவர் புத்தகத்தோடு ஹாலுக்குள் போனார். நாற்காலியைக் காணவில்லை. திரைக்குப் பின்னால் அதன் ஒரு கால் மட்டும் தெரிந்தது. திரையை விலக்கினார்.

மனைவியிடம் தைக்கக் கொடுத்திருந்த கணக்கு டீச்சர் புது ஜாக்கெட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டு நின்றாள். இன்னொரு கை இன்னும் மாட்டப்படவில்லை.

டீச்சர் போட்ட கூச்சலில் மாடி வீட்டு நாய் குரைத்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பத்து இருபது," என்றார். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"பஸ் வர்ற நேரத்துல நடுரோட்ல நின்னது உங்க தப்பு டீச்சர்," என்றாள் மனைவி, மெஷினை நிறுத்தாமல்.

சாயங்காலம் மனைவியின் தம்பி வந்தான். பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸின் ஓட்டுநர் அவன்தான். இருபது வருடமாக மாமாவின் அட்டவணையில் வதைபடுகிறவன். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று விரலால் வரிவரியாகத் தேடினான்.

"மாமா, ஒண்ணுக்குப் போறது எத்தனை மணிக்கு?"

அவர் எட்டிப் பார்த்தார். எங்கும் இல்லை. ஒரு நாளுக்கு முப்பத்தெட்டு ட்ரிப் இருந்தது. அது மட்டும் இல்லை.

"அது... இடைவெளில பார்த்துக்க வேண்டியதுதான்," என்றார்.

"இதையேதான் எங்க கிட்டயும் சொல்வீங்க. வாயில நல்லா வருது." அவன் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தான். "அக்கா! மாமாவை ஒரு நாள் என் சீட்டுல உக்கார வச்சு ஓட்ட விடணும். அப்பத் தெரியும் நாலு நிமிஷம்னா என்னன்னு."

"இன்னிக்கு ஒரு ஆக்சிடென்ட் ஏற்கெனவே ஆயிடுச்சுடா," என்றாள் அக்கா.

அவர் உட்கார்ந்து யோசித்தார். தப்பு எங்கே என்று உறைத்தது. புது வழித்தடம் போடும்போது மேசையில் உட்கார்ந்து அவர் ஒரு வரி எழுதியதில்லை. மூன்று நாள் அந்தப் பாதையில் போவார், கையில் ஸ்டாப்வாட்சோடு. சிக்னல் எத்தனை வினாடி, பள்ளிக்கூடம் எப்போது விடுகிறது, எந்தத் திருப்பத்தில் லாரி நிற்கிறது, எல்லாம் குறித்துக்கொண்ட பிறகுதான் பென்சிலை எடுப்பார். இந்த வீட்டுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. முப்பத்தோரு வருடம் குடியிருந்த வீடாயிற்றே என்று விட்டுவிட்டார். அத்தனை வருடமும் வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கு இந்த வீடு எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே கிடையாது.

செவ்வாய்க்கிழமை மூலையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் நோட்டு, கையில் ஸ்டாப்வாட்ச். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

கணக்கு டீச்சர் பாவாடை அளவு கொடுக்க வந்தாள். அளவு எடுத்து முடித்ததும் ஸ்டாப்வாட்ச் கிளிக்கென்றது.

"இவர் எதுக்கு எழுதறார்?"

"கண்டுக்காதீங்க. பஸ் கம்பெனி."

"ஆறு நிமிஷம் இருபது செகண்ட்," என்றார் அவர், உதவியாக இருக்கட்டும் என்று.

டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மனைவி அவரைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

மீதி ஆய்வு காதால் நடந்தது. மெஷின் நீளமாக ஓடினால் பாவாடை, விட்டு விட்டு ஓடினால் ஜாக்கெட், கத்திரி சத்தம் வந்தால் யாரும் பேசக்கூடாது. சும்மா இருப்பானேன் என்று பதினோரு மணிக்குக் காய் நறுக்கினார். அதற்கும் நேரம் பார்த்தார். புதன்கிழமை பிற்பகல் அவர் நோட்டில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மூன்று நாற்பதுக்கு மெஷின் நிற்கிறது. நேற்றும் மூன்று நாற்பது. சரியாக நாலு மணிக்குத் திரும்ப ஓடுகிறது. முப்பத்தோரு வருடத்தில் எந்த ஓட்டுநரும் அவருக்கு இவ்வளவு சரியாக ஓட்டிக் காட்டியதில்லை.

அவள் உள்ளே வந்து டீ போட்டு எடுத்துக்கொண்டு போனதும் கதவை ஒரு விரற்கடை திறந்தார்.

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலைத் தூக்கி முக்காலி மேல் போட்டிருந்தாள். கையில் ஒரு கப் டீ. வாயில் குண்டூசி இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. அவள் சும்மா இருந்து அவர் பார்த்ததே இல்லை.

கீழே பன்னிரண்டாம் நம்பர் போயிற்று. மூன்று நாற்பத்திரண்டுக்கு வர வேண்டியது, நாற்பத்தாறுக்கு. அவர் வாய் தானாகத் திறந்தது. பக்கத்தில் கிடந்த கைத்துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை புது அட்டவணை போட்டார். ஒன்பதிலிருந்து ஆறு வரை ஹாலில் அவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நூலகம் நடந்து போய்வர எண்பது நிமிடம். பதினோரு மணிக்குச் சமையலறையில் காய் நறுக்குவது. பிற்பகல் பால்கனி. நீலக் கோட்டை ஒட்டி, முதல் தடவையாக, சிவப்பில் ஒரு கோடு. அது மனைவி.

மூன்று நாற்பது கட்டத்தில் மட்டும் பென்சில் நின்றது. அந்த நேரத்தில் பால்கனியில் இருந்தால் ஜன்னல் வழியே அவளுக்குத் தெரியும். சமையலறையில் இருந்தால் டீ போட வருகிறவள் மேல் இடிப்பார். ஜன்னலோரம் இன்னொரு நாற்காலிக்கு இடம் இருந்தது. காலி இடத்தைக் கண்டால் பஸ்ஸை விட்டுப் பிழைத்தவர் அவர். கை துறுதுறுத்தது. 'இருவரும்' என்று எழுதினார், அழித்தார். திரும்ப எழுதினார், திரும்ப அழித்தார். கடைசியில் மைத்துனன் நினைவுக்கு வந்தான். 'கழிவறை, 3.40 – 4.00' என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

அன்று சாயங்காலம் அதைப் பார்த்த மைத்துனன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "இருபது நிமிஷமா! எங்களுக்கு இருபது வருஷமா ரெண்டு நிமிஷம் குடுக்க மனசு வரல. நிமிஷம் சார் மட்டும் உள்ள போய்ப் படுத்துத் தூங்குவாராம்!"

"உனக்கும் போட்டுத் தரேன்டா. இன்னும் பதினோரு வாரம் நான்தான் அங்க."

"எழுதிக் குடுங்க. வாய்ப் பேச்சு வேணாம்."

எழுதிக் கொடுத்தார். நாளையிலிருந்தே நடைமுறை என்றும் போட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று முப்பத்தைந்துக்கு மனைவி மெஷினை நிறுத்தினாள். ஐந்து நிமிடம் முன்னதாக. கழுத்தில் டேப், கையில் சாக்குக்கட்டி. "குடுங்க பார்ப்போம்," என்றாள். அவர் புது அட்டவணையை நீட்டினார். இன்னொரு கையில் படிவம். நாளை சனிக்கிழமை.

அவள் தையல் பிரித்துப் பார்ப்பதுபோல் கட்டம் கட்டமாகப் பார்த்தாள். சிவப்புக் கோட்டின் மேல் விரல் ஓடியது. "ரோடு எங்க போச்சு?"

"ரோடு இல்ல. பஸ்தான். பெரிய பஸ்."

"யாரைப் பெரிய பஸ்ஸுங்கறீங்க?"

"முக்கியமான பஸ்."

அவள் மேலே படித்தாள். மூன்று நாற்பதுக்கு வந்ததும் விரல் நின்றது.

"இருபது நிமிஷமா? வயித்துக்கு என்ன?"

"வயித்துக்கு ஒண்ணுமில்ல. அது உன் நேரம். நீ காலைத் தூக்கிப் போட்டு..." அவர் ஜன்னலைக் காட்டினார். "நான் எங்கயாவது இருக்கணும்ல."

"எட்டிப் பார்த்தீங்களா?"

"ஆய்வு."

அவள் சாக்குக்கட்டியால் அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள், துணியில் வெட்ட வேண்டிய இடத்தில் இழுப்பதுபோல. திரைக்குப் பின்னால் போய் நாற்காலியைத் தூக்கிவந்து ஜன்னலோரம் போட்டாள். சமையலறைக்குப் போய் இரண்டு கப் டீயோடு வந்தாள். படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கத்திரிக்கோலுக்கு அடியில் வைத்தாள். கிழிக்கவில்லை.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மூன்று நாற்பத்திரண்டு ஆயிற்று. தெருவில் பஸ்ஸைக் காணோம். மூன்று நாற்பத்து நான்கு. நிறுத்தத்தில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மைத்துனன் எங்கே இறங்கிப் போயிருப்பான் என்று அவருக்குத் தெரியும். அவர் வாய் மெல்லத் திறந்தது. கைத்துண்டு சமையலறையில் இருந்தது.

மனைவி காலைத் தூக்கி முக்காலி மேல் போட்டுக்கொண்டாள். தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"நாலு மணி வரைக்கும் பஸ்ஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம இருப்பீங்களா, இல்ல அந்தப் பேப்பரை எடுக்கட்டுமா?"